சேதாரம்

எனக்கு ஏழோ எட்டோ வயது இருக்கும். காய்ச்சல் பார்க்க வைத்த தெர்மாமீட்டரைக் கீழே போட்டு உடைத்தேன். சிமெண்டுத் தரையில் குட்டிக் குட்டி வெள்ளி உருண்டைகளாகப் பாதரசம் ஓடியது. அதைப் பார்த்ததும் அடி விழும் என்ற பயம் போய் விளையாட்டு ஆசை வந்துவிட்டது. அம்மா திட்டிக்கொண்டே வந்து ஒரு பழைய போஸ்ட் கார்டால் அதை வாரினாள். வாரும்போது ஓர் உருண்டை அவள் மோதிரத்தில் பட்டது. பட்ட இடம் கண்ணெதிரிலேயே வெளுத்தது. புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. கல்யாண மோதிரம் வேறு.

மறுநாள் பத்தரிடம் போனோம். கையில் வாங்கியதுமே, "ரசம் குடிச்சிருக்கும்மா" என்றார். கொல்லைப்பக்கம் போய், காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்த்து உட்கார்ந்து, மோதிரத்தை ஓர் ஓட்டுத்துண்டில் வைத்து ஊதுகுழலால் ஊதினார். எட்டிப் பார்த்த என்னை, "அந்தப் புகை ஆகாது பாப்பா, தள்ளி நில்லு" என்று விரட்டினார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் திரும்பி வந்தது. ரசம் எங்கே போச்சு என்று கேட்டேன். "காத்தோட போச்சு" என்றார்.

காற்றோடு போனது அப்புறம் எங்கே போகும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. 2019-இல் ஒரு செய்தியைப் படித்தபோதுதான் தோன்றியது. பி.பி.சி.யின் பிரேசில் பிரிவு வெளியிட்டது. பிரேசிலின் வடகோடியில் ரொரைமா என்று ஒரு மாநிலம். முந்தின வருடம் செப்டம்பர் தொடங்கிச் சில மாதங்களில் அங்கிருந்து 194 கிலோ தங்கம் ஏற்றுமதியாகியிருக்கிறது. அந்த மாநிலத்தில் அனுமதி பெற்று நடக்கும் தங்கச் சுரங்கம் ஒன்றுகூடக் கிடையாது. தங்கம் போய்ச் சேர்ந்த நாடு இந்தியா.

கிலோக் கணக்கு என் மண்டையில் ஏறாது. சவரனில் போட்டுப் பார்த்தேன். 24,250 சவரன். பெண்ணுக்கு 30 சவரன் போடும் வீடு என்று வைத்துக்கொண்டால் எண்ணூறு கல்யாணம்.

அதில் எந்தக் கிராம் எந்த ஆற்றங்கரையில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உருக்கிவிட்டால் தங்கத்துக்குப் பிறந்த ஊர் கிடையாது. ஆனால் அந்த வருடங்களில் ரொரைமாவில் கள்ளத்தனமாகத் தங்கம் வெட்டிக்கொண்டிருந்த பெரிய இடம் எது என்பது ஊரறிந்த விஷயம். யனோமாமி என்ற பழங்குடி மக்களின் காடு.

பிரேசிலும் வெனிசுவேலாவும் சந்திக்கும் மலைமேடு அது. ஒரு சரிவில் விழும் மழை ஒரினோகோ ஆற்றுக்கும் மறு சரிவில் விழுவது அமேசானுக்கும் போகும். இரண்டு சரிவிலும் யனோமாமிகள் இருக்கிறார்கள். பிரேசில் பக்கம் 1992-இல் அவர்களுக்கென்று எல்லை குறித்துக் கொடுத்த நிலம் சுமார் 96,650 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் முக்கால்வாசி. 2022 கணக்கெடுப்பின்போது அதற்குள் இருந்தவர்கள் 27,152 பேர். இத்தனூண்டு ஜனத்துக்கு இவ்வளவு நிலமா என்று கேட்கும் அரசியல்வாதிகள் அங்கே நிறைய. நம் ஊரில் ஒரு தாலுகாவிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள் என்று எனக்கும் முதலில் தோன்றியது, மறைப்பானேன். அவர்கள் அந்த நிலத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் அந்தக் கேள்வி அசட்டுத்தனம் என்று புரிந்தது.

ஊர் முழுக்க ஒரே வீடு. யானோ என்பார்கள், வெனிசுவேலா பக்கம் ஷபோனோ. பனையோலை மாதிரி ஓலை வேய்ந்த பெரிய வட்டக் கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம். ஐம்பது பேர் இருக்கும் வீடும் உண்டு, முந்நூறு நானூறு பேர் இருக்கும் வீடும் உண்டு. உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, அடுப்பைச் சுற்றிப் பெரியவர்களும் சிறியவர்களும் படுக்கும் தூளிகள். ராத்திரிக் குளிருக்கு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். யார் இருமினாலும் எல்லோருக்கும் கேட்கும். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஊரே சாட்சி. (எங்கள் பழைய வாடகை ஸ்டோர் வீடு நினைவுக்கு வந்தது. அங்கேயாவது கதவு இருந்தது.) சில வருடங்களில் ஓலை மக்கிப் பூச்சி அடைந்துவிடும். கொளுத்திவிட்டு வேறு கட்டுவார்கள்.

தலைவர் என்று உத்தரவு போட ஆள் கிடையாது. விடிவதற்கு முன்போ இருட்டிய பிறகோ, வயதில் மூத்த ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் பேசுவார்: நாளைக்குத் தோட்டம் வெட்டலாம், அந்தப் பக்கம் பன்றித் தடம் பார்த்தேன், விருந்துக்கு வாழை போதாது. கேட்பவர்கள் கேட்கலாம். இஷ்டமில்லாதவன் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

காட்டில் ஒரு துண்டை வெட்டி, காய்ந்ததும் எரித்து, வாழை, மரவள்ளி, கரும்பு, புகையிலை, தூளிக்குப் பருத்தி, அம்புக்கு நாணல் எல்லாம் நடுகிறார்கள். மூன்று நாலு வருடத்தில் மண் சோர்ந்துவிடும். அதைக் காட்டிடமே விட்டுவிட்டு அடுத்த துண்டு. ஆள் இல்லாத காடாக மேலிருந்து தெரிவதில் பாதி இப்படி ஓய்வெடுக்கும் பழைய தோட்டம், வேட்டைத் தடம், பழம் பொறுக்கப் போகும் வழி. அதற்கு இடம் வேண்டும்.

வேட்டை விஷயத்தில் ஒரு வழக்கம். தான் கொன்ற மிருகத்தை வேட்டைக்காரன் தின்னமாட்டான். முழுக்க மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொருவன் கொண்டுவந்ததில் தன் பங்கைத் தின்பான். தன் வேட்டையைத் தானே தின்றால் கை ராசி போய்விடும், அடுத்த அம்பு குறி தப்பும் என்பது நம்பிக்கை. ஒருவனைக் கஞ்சன் என்று சொல்வதைவிடப் பெரிய வசவு அவர்களிடம் இல்லை.

இதைப் படித்துவிட்டு ஆஹா சொர்க்கம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பகையும் பழிக்குப் பழியும் உண்டு; ஊர் விட்டு ஊர் போய் அம்பெய்து கொன்றதும் உண்டு. 1960-களில் அங்கே போன அமெரிக்க மானுடவியலாளர் நெப்போலியன் ஷாக்னன் இந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மூர்க்கமானவர்கள் என்றே அவர்களுக்குப் பெயர் வைத்து உலகம் முழுக்கப் பரப்பினார். சக மானுடவியலாளர்களே அதை மறுத்துப் பல பத்தாண்டு சண்டை போட்டார்கள். எனக்கு அந்தச் சண்டையில் நுழையத் தகுதியில்லை. ஆனால் அந்தப் பெயர் அவர்கள் நிலத்தைக் கூறு போட நினைத்தவர்களுக்கு வசதியாக இருந்தது என்பதை மட்டும் சொல்ல முடியும். 1980-களின் முடிவில் பிரேசில் அரசு அந்தக் காட்டை 19 தனித்தனித் துண்டுகளாக்கி, நடுவில் இருப்பதையெல்லாம் திறந்துவிட ஆணையே போட்டது. பிறகுதான் 1992-இல் ஒரே நிலமாகக் குறித்தார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவர்கள் இறந்தவர்களைச் சமாளிக்கும் விதம்.

ஒருவர் இறந்தால் அவரது ஒன்றும் மிஞ்சக்கூடாது. அம்பை முறித்துப் போடுவார்கள், தூளியை எரிப்பார்கள். பேரைச் சொல்லக்கூடாது, இறந்தவர் பேரை உறவினர் காதுபடச் சொல்வது பெரிய குற்றம். உடலை எரித்தோ, காட்டில் கட்டித் தொங்கவிட்டுச் சதை போன பிறகு எலும்பை எரித்தோ (முறை இடத்துக்கு இடம் மாறும்), சாம்பலைப் பொடித்துச் சுரைக்குடுக்கையில் வைத்துத் தேன்மெழுகால் அடைப்பார்கள். பிறகு ரெயாஹு என்கிற பெரிய விருந்து. பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள், வேட்டை இறைச்சி, பானை பானையாக வாழைப்பழக் கஞ்சி, ஆட்டம், அழுகை. அந்தக் கஞ்சியில் சாம்பலைக் கலந்து உறவினர்கள் குடிப்பார்கள், அல்லது அடுப்படியில் புதைப்பார்கள். ஒரே விருந்தில் தீராவிட்டால் அடுத்தடுத்த விருந்துகளில். கடைசிச் சாம்பலும் தீர்ந்தால்தான் செத்தவருக்கு விடுதலை, இருப்பவர்களுக்கும் விடுதலை. அதுவரை ஆவி திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் பாட்டி போன பதினாறாம் நாள், ஹாலில் பெட்ஷீட் விரித்து அவள் நகைகளை வைத்து, எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் பங்கு போட்டோம். அவள் வளையல் ஒன்று என் கையில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை டைப் அடிக்கிறேன்.

இந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, வெளியார் அவர்களுக்குச் செய்த ஒவ்வொன்றும் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

முதலில் சாலை. 1973-இல் பிரேசில் ராணுவ அரசு அந்தக் காட்டின் தெற்கு ஓரத்தில் நெடுஞ்சாலை போட ஆரம்பித்தது. சாலை பாதியில் நின்றது. கூடவே வந்த அம்மையும் சளிக்காய்ச்சலும் நிற்கவில்லை. 1977-இல் கத்ரிமானி ஆற்றுப் பக்கம் தட்டம்மை வந்தது. தடுப்பூசி போடாவிட்டால் யாரும் மிஞ்சமாட்டார்கள் என்ற நிலையில், 1980-களின் தொடக்கத்தில் மருத்துவர்களோடு ஊர் ஊராகப் போனவர் கிளாவ்டியா அந்துஜார் என்கிற புகைப்படக்காரர். ஊசி போட்டதைக் குறித்துவைக்க வேண்டும். பேர் எழுதலாம் என்றால், அவர்கள் பேர் சொல்லிக்கொள்கிறவர்கள் இல்லை. அதனால் ஒவ்வொருவர் கழுத்திலும் நம்பர் எழுதிய அட்டையைக் கட்டிப் படம் எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். மார்பில் எண் தொங்க, சிலர் சிரிப்பார்கள், சிலர் கேமராவைப் பயந்து பார்ப்பார்கள், ஒரு குழந்தைக்கு அட்டை முகத்தளவு இருக்கும்.

அந்துஜார் 1931-இல் பிறந்தவர், வளர்ந்தது ட்ரான்சில்வேனியாவில். அப்பா யூதர். 1944-இல் அப்பாவையும் அப்பா வழி உறவு முழுவதையும் நாஜி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. யூதர் என்று காட்டச் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் குத்தியவர்களைப் பதின்மூன்று வயதில் பார்த்த பெண், ஐம்பது வயதில் ஒரு காட்டில் மனிதர்கள் கழுத்தில் எண் மாட்டிக்கொண்டிருக்கிறார். சாவதற்காக அடையாளமிடப்பட்டவர்கள், வாழ்வதற்காக அடையாளமிடப்பட்டவர்கள் என்று அவரே பின்னால் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசியிருக்கிறார். 1992-இல் அந்த நிலம் கிடைத்ததில் அவருக்கும் அவரோடு சேர்ந்து போராடியவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

அடுத்தது ரத்தம். 1960-களின் கடைசியில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஆயிரக்கணக்கான யனோமாமிகளிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். கொடுத்தவர்கள் இறந்த பிறகும் அது அமெரிக்க ஆய்வகங்களின் ஃப்ரீசரில் உறைந்து இருந்தது. விஷயம் தெரிந்தபோது அந்த மக்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: தாத்தாவின் அம்பை முறித்தாகிவிட்டது, பேரைச் சொல்வதில்லை, சாம்பலைக் குடித்தாகிவிட்டது, தாத்தாவில் ஒரு துளி மட்டும் ஏதோ ஓர் ஊரில் ஐஸ் பெட்டியில். வருடக்கணக்கில் கேட்டு, 2015-இல் சுமார் 2,700 குப்பிகள் திரும்பி வந்தன. தோத்தோதோபி என்ற ஊரில் குழி வெட்டி, ஒவ்வொரு குப்பியாகத் திறந்து மண்ணில் ஊற்றினார்கள். பெரியவர்கள் அழுதார்கள்.

யனோமாமிகளின் குரலாக உலகம் அறிந்த ஷாமன் (ஆவிகளோடு பேசி நோய் தீர்க்கும் பூசாரி) டாவி கோபெனாவா அதே தோத்தோதோபியில் வளர்ந்தவர். 1960-களில் மிஷனரிகள் வழியாக வந்த தட்டம்மையில் தாயை இழந்தார். மிஷனரிகள் அவளைப் புதைத்துவிட்டார்கள். எங்கே என்று பையனுக்குத் தெரியவில்லை. எலும்பு கிடைக்காததால் சாம்பல் இல்லை, சாம்பல் இல்லாததால் விருந்து இல்லை. 2020-இல் கோவிட் வந்தபோது இது மறுபடி நடந்தது. ரொரைமாவின் தலைநகரான போவா விஸ்டாவில் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை, பச்சைக் குழந்தைகள் உட்பட, சொந்தக்காரர்களைக் கேட்காமலே நகரத்து இடுகாட்டில் புதைத்தார்கள். காட்டிலிருந்து பிள்ளையோடு வந்த தாய்மார்கள் பிள்ளையின் உடலைத் தேடி நின்றார்கள்.

இனி தங்கத்துக்கு வருகிறேன்.

ஓமாமா என்கிற படைப்பவன் உலோகங்களை மண்ணுக்கடியில் ஒளித்துவைத்தான் என்பது அவர்கள் கதை. மனிதர் கைபடக்கூடாது என்றுதான் ஒளித்தான். தோண்டி எடுத்து எரித்தால் அதிலிருந்து ஷவாரா என்கிற நோய்ப்புகை கிளம்பும். அது ஆட்களைத் தின்னும். ஷாமன்கள் எல்லோரும் செத்துவிட்டால் வானத்தைத் தாங்க ஆள் இல்லாமல் அது விழும். கோபெனாவா இதைப் பல நாட்டு மேடைகளில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் அழகான தொன்மம் என்று கைதட்டியிருப்பார்கள். எங்கள் பத்தர் கேட்டிருந்தால், புகை ஆகாது என்ற வரைக்குமாவது சரிதான் என்றிருப்பார்.

கரிம்பேரோ என்று அங்கே சொல்லப்படும் தங்கம் தோண்டிகள் செய்வது பத்தர் கொல்லையில் செய்ததுதான். பம்ப் வைத்துக் கரையை நீரால் பீய்ச்சிக் கரைப்பார்கள். சேற்றைக் கம்பளம் விரித்த சரிவுப் பலகையில் ஓடவிட்டால் கனமான பொடி தங்கும். அதில் பாதரசம் ஊற்றினால் தங்கத்தோடு சேர்ந்து உருண்டையாகும். உருண்டையைச் சுட்டால் ரசம் காற்றோடு போகும், தங்கம் நிற்கும். போன ரசமும் சிந்திய ரசமும் ஆற்றில் இறங்கும். அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய விஷமாக்கும். புழுவிலிருந்து சின்ன மீன், சின்ன மீனிலிருந்து பெரிய மீன், மீனிலிருந்து தாய், தாயிலிருந்து வயிற்றுப் பிள்ளை. முக்கஜாயி ஆற்றோரம் ஒன்பது ஊர்களில் கிட்டத்தட்ட 300 பேரின் தலைமுடியைப் பிரேசிலின் ஃபியோக்ரூஸ் என்ற சுகாதார ஆய்வு நிறுவனம் பரிசோதித்து 2024-இல் முடிவு வெளியிட்டது. ஏறத்தாழ எல்லோரிடமும் பாதரசம்.

ஆனால் சீக்கிரம் கொல்வது பாதரசம் இல்லை, கொசு. வெட்டிப் போட்ட குழிகளில் தண்ணீர் தேங்கும், மலேரியா வரும். வெயில் காலத்தில்தான் தோட்டத்துக்குக் காடு வெட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தகப்பன் நடுங்கிக்கொண்டு தூளியில் கிடந்தால் அடுத்த வருடம் வாழைத்தார் இல்லை. பம்ப் சத்தத்தில் மிருகங்கள் ஓடிவிட்டன. ஆறு கலங்கி மீனும் இல்லை. அத்தனை பெரிய காட்டின் நடுவே குழந்தை எப்படிப் பட்டினியால் சாகும் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். பஞ்சம் ஒரு வருடம் தாமதமாக வந்து சேர்கிறது.

முதல் தங்க வேட்டை 1987-இல் தொடங்கியது. முப்பது நாற்பதாயிரம் பேர் உள்ளே புகுந்தார்கள். 1993-இல் எல்லையோரம் ஹஷிமு என்ற ஊரில் குழந்தைகள் உட்பட 16 பேரைக் கரிம்பேரோக்கள் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். பிரேசில் நீதிமன்றம் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. இரண்டாவது வேட்டை 2019-க்குப் பிறகு, அதிபர் போல்சனாரோவின் ஆட்சியில். இருபதாயிரம் பேர் அளவுக்கு உள்ளே இருந்தார்கள். ஹோமோஷி என்ற ஊரின் மருத்துவ நிலையத்தையும் விமான ஓடுதளத்தையும் பிடித்துக்கொண்டு, 2022 டிசம்பரில் நிலையத்தைக் கொளுத்தினார்கள். குடற்புழு மருந்து உட்பட அந்த மக்களுக்கு வாங்கிய மருந்து போய்ச் சேராததை விசாரித்த போலீஸ், அந்த விசாரணைக்கு யோவாசி என்று பெயர் வைத்தது. ஓமாமாவின் உருப்படாத சகோதரன் யோவாசி. உலகத்துக்குச் சாவைக் கொண்டுவந்தவன். போலீஸில் யாரோ கதை கேட்டிருக்கிறார்.

2023 ஜனவரியில், ஐந்து வயதுக்குக் கீழே 570 குழந்தைகள் நான்கு வருடங்களில் தடுக்கக்கூடிய காரணங்களால் இறந்த செய்தியும் எலும்பு தெரியும் படங்களும் வெளிவந்தன. புதிதாகப் பதவியேற்ற அதிபர் லூலா போவா விஸ்டாவுக்குப் பறந்து வந்தார், மருத்துவ அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கரிம்பேரோக்களில் பெரும்பாலோரை விரட்டினார்கள், பம்புகளையும் விமானங்களையும் எரித்தார்கள், செயற்கைக்கோள் இணையத்துக்கு வைத்திருந்த ஸ்டார்லிங்க் ஆண்டெனாக்களைக்கூடப் பறிமுதல் செய்தார்கள். சிறு சிறு கூட்டமாக இன்னும் திரும்பி வருகிறார்கள். போவா விஸ்டாவில் ஆளுநர் மாளிகை இருக்கும் சதுக்கத்தின் நடுவே குனிந்து தங்கம் சலிக்கும் கரிம்பேரோவின் பெரிய சிலை பல பத்தாண்டுகளாக நிற்கிறது.

அந்தத் தங்கம் எப்படி வெளியே போனது என்பதற்கு ஒரு சட்டமும் துணை. விற்பவன் தன் தங்கம் எங்கே எடுத்தது என்று சொல்கிறானோ அதை நல்லெண்ணத்தோடு நம்பி வாங்கினால் போதும் என்று 2013-இல் பிரேசிலில் சட்டம் போட்டார்கள். 2023-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

போன மாதம் தம்பி மகளுக்குக் காதுகுத்து. அத்தை முறைக்குக் கால் சவரனில் தோடு வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த பையனிடம், "இந்தத் தங்கம் எங்கேருந்து வருது?" என்று கேட்டேன். புரியாமல் பார்த்தான். "எல்லாமே 916 ஹால்மார்க் மேடம். நம்பர் இருக்கு, ஆப்ல போட்டுப் பாருங்க." போட்டுப் பார்த்தேன். எந்தக் கடை பதிவு செய்தது, எந்த மையத்தில் சோதித்தது, எத்தனை காரட், தோடா மோதிரமா, எல்லாம் வந்தது. "அதில்லைப்பா, எந்த மண்ணுலேருந்து" என்றேன். பின்னால் ஆள் நின்றார்கள். அவன் சிரித்துக்கொண்டே கால்குலேட்டரை எடுத்தான்.

"செய்கூலி கிடையாது மேடம். சேதாரம் மட்டும் 14 பர்சன்ட். உங்களுக்காக 12 போடறேன்."

சரி என்றேன்.